நல்ல ஜிக்சாவுக்கு மாறுவது எப்படி: பிளேடு முதல் பில் வரை

மலிவு ஜிக்சா மெஷினில் (சிறு பிளேடு மேலும் கீழும் ஓடி மரம் வெட்டும் கைக்கருவி) கொஞ்ச காலம் வேலை செய்த எல்லோருக்கும் இந்த எரிச்சல் தெரிந்திருக்கும். மேலே பென்சில் கோட்டில் பிசகாமல் வெட்டியிருப்பீர்கள். பலகையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் இரண்டு மூன்று மி.மீ. விலகியிருக்கும். வெட்டிய இரண்டு துண்டுகளைச் சேர்த்து வைத்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். உடனே, கூடுதல் வாட் உள்ள மெஷின் வாங்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். கடையில் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். வாங்கி வந்த பிறகு அதுவும் அதே வேலையைக் காட்டும்.

வாட்டுக்கும் வெட்டு செங்குத்தாக இறங்குவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. பிளேடை மெஷின் எவ்வளவு உறுதியாக நிமிர்த்திப் பிடிக்கிறது என்பதில்தான் நல்ல ஜிக்சாவும் சுமார் ஜிக்சாவும் பிரிகின்றன. இதை நேராகச் சொல்ல ஆள் கிடைக்காமல் கடை கடையாக அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வீட்டில் சிறு பட்டறை போட்டு ஸ்டூல், ஷெல்ஃப், கப்போர்டு என்று செய்கிறவர்களுக்கும், தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் இது பயன்படும். பல வருட அனுபவம் உள்ள ஆசாரிகளுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இதில் பாதி அவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான்.

1. மெஷினை மாற்றும் முன் பிளேடை மாற்றுங்கள்

மெஷினோடு பெட்டியில் இலவசமாக வந்த பிளேடையே ஒரு வருஷம் ஓட்டிவிட்டு மெஷினைத் திட்டுகிறவர்கள் ஏராளம். பிளைவுட்டில் உள்ள பசை பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கிய பிளேடு வெட்டாது, நாம் தள்ளுவோம். தள்ளினால் பிளேடு வளையும், வளைந்தால் அடிப்பக்கம் விலகும். பலருடைய பிரச்சினை சில நூறு ரூபாயில், ஒரு பிளேடு பாக்கெட்டிலேயே முடிந்துவிடும்.

முதலில் உங்கள் மெஷின் எந்த வகைப் பிளேடு எடுக்கிறது என்று பாருங்கள். பிளேடின் மேல்முனை 'டி' எழுத்துபோல இரண்டு பக்கமும் காது வைத்திருந்தால் அது டி-ஷேங்க். இன்று நல்ல மெஷின்கள் எல்லாவற்றிலும் இதுதான். மேல்முனை பிளந்து 'யூ' மாதிரி இருந்து, ஆலன் கீ போட்டு ஸ்க்ரூவை முடுக்கும்படி இருந்தால் அது யூ-ஷேங்க், பழைய முறை. யூ-ஷேங்க் மெஷின் என்றால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். அதற்கு நல்ல பிளேடு தேடி அலைவதைவிட மெஷினை மாற்றுவது மேல்.

டி-ஷேங்க் என்றால் இரண்டு பாக்கெட் வாங்குங்கள். ஒன்று டி 144 டி. பெரிய பல், வேகமாக வெட்டும், ஆனால் விளிம்பு முரடாக இருக்கும். இன்னொன்று டி 101 பி. பல் நெருக்கம், வெட்டு சுத்தமாக வரும், 30 மி.மீ. தடிமன் வரைக்கும் போதும். இவை போஷ் வைத்த எண்கள் என்றாலும் வேறு பல கம்பெனிகளும் இதே எண்ணைத் தங்கள் பிளேடில் அச்சிடுகின்றன. அதனால் எண்ணைச் சொல்லிக் கேட்டால் கடையில் சரியானதை எடுத்துத் தருவார்கள்.

இப்போது சோதனை. 40 மி.மீ. அளவில் தடிமனான ரீப்பர் (மரச்சட்டம்) ஒன்றை எடுத்து மேஜையில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். புது டி 144 டி-யை மாட்டுங்கள். பேஸ் பிளேட்டும் (மரத்தின் மேல் உட்காரும் அடித்தட்டு) பிளேடும் சரியாக 90 டிகிரியில் இருக்கின்றனவா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்டுலத்தை (பிளேடை முன்னும் பின்னும் ஆட்டும் அமைப்பு) பூஜ்யத்தில் வைத்து, தள்ளாமல், மெஷின் தன் போக்கில் நகரும் வேகத்தில் குறுக்கே வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் மூலைமட்டத்தை வையுங்கள். செங்குத்தாக இருந்தால் உங்கள் மெஷினில் கோளாறு இல்லை, பிளேடை ஒழுங்காக மாற்றிக்கொண்டே இருங்கள், காசு மிச்சம். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சாய்ந்தால் பேஸ் பிளேட்டோ, பிளேடின் முதுகைத் தாங்கும் ரோலரோ விலகியிருக்கிறது. ஒரு முறை இப்படியும் ஒரு முறை அப்படியும் சாய்ந்தால் பிளேடைப் பிடிக்கும் தண்டே ஆடுகிறது என்று அர்த்தம். இந்தக் கடைசி ரகம்தான் மெஷினை மாற்ற வேண்டிய ரகம்.

2. உங்களுக்கு வேண்டியது ஜிக்சாதானா?

வளைவு வெட்ட, பலகைக்கு நடுவில் ஓட்டை போட, சிங்க் கட்-அவுட் எடுக்க, மூலையில் பள்ளம் வெட்ட ஜிக்சாவுக்கு ஈடு கிடையாது. ஆனால் எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஷீட்டை நீளவாக்கில் நேராகப் பிளப்பதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால், எவ்வளவு விலை கொடுத்து ஜிக்சா வாங்கினாலும் மனசு நிறையாது. அந்தப் பணத்தில் வட்ட பிளேடு சுழலும் சர்குலர் சா ஒன்று வாங்கி, நேரான அலுமினியச் சட்டத்தை வழிகாட்டியாக வைத்து வெட்டுங்கள்.

அதற்காக மார்பிள் கட்டரில் மர பிளேடு போட்டு வெட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஊரெல்லாம் செய்கிறார்கள் என்பது உண்மைதான். அது நிமிஷத்துக்கு 12,000 சுற்று அளவில் ஓடும் மெஷின். கல்லுக்காகச் செய்தது, மரத்தில் சிக்கினால் கையை நோக்கி எகிறும்.

3. அட்டையில் எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும்

பெட்டிமேல் பெரிதாக அச்சிட்டிருப்பது வாட். அதைக் கடைசியில் பாருங்கள். 450 வாட் மெஷின் 18 மி.மீ. பிளைவுட்டைத் தாராளமாக வெட்டும். நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு.

ஸ்ட்ரோக் நீளம். பிளேடு ஒரு முறை எவ்வளவு மேலும் கீழும் போய் வருகிறது என்பது இது. மக்கிட்டா 4329 போன்ற ஆரம்ப நிலை மெஷின்களில் 18 மி.மீ., மக்கிட்டா 4350எஃப்சிடி, போஷ் ஜிஎஸ்டி 150 பிசிஇ போன்ற மேல்நிலை மெஷின்களில் 26 மி.மீ. ஸ்ட்ரோக் நீண்டால் அதிகப் பற்கள் வேலை செய்யும், தூள் வெளியே வந்து விழும், பிளேடு சூடாவது குறையும். தடிமனான மரத்தில் இந்த வித்தியாசம் கையில் தெரியும்.

ரோலர். பிளேடின் முதுகை ஒரு சிறு சக்கரம் தாங்கிக்கொண்டிருக்கும், நடுவில் பள்ளம் இருக்கும். பிளேடு அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும். சக்கரம் அச்சில் கெட்டியாக இருக்க வேண்டும். மலிவு மெஷின்களில் இந்தச் சக்கரம்தான் முதலில் லொடலொடக்கும். சில நல்ல மெஷின்களில் ரோலருக்குக் கீழே பிளேடை இரண்டு பக்கமும் தாங்கும்படி இன்னொரு கைடும் இருக்கும். அது இருந்தால் அதற்காகக் கூடக் கொஞ்சம் காசு கொடுக்கலாம்.

பேஸ் பிளேட். தகட்டை அழுத்தி வளைத்ததா, வார்ப்பா என்று பாருங்கள். தகடு என்றால் ஒரு தடவை கீழே விழுந்தால் போதும், கோணம் போய்விடும். பலருடைய மெஷின் செங்குத்தாக வெட்டாததற்கு இதுதான் காரணம், அவர்களுக்கே தெரியாது. வார்ப்பு அலுமினியம் கொஞ்சம் கனம், ஆனால் விழுந்தாலும் தாங்கும். 0, 45 டிகிரியில் தானாகப் போய்ப் பொருந்தும் பள்ளம் இருக்கிறதா, சாய்த்து முடுக்கிய பிறகு அதிர்வில் நழுவுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

பெண்டுலம். மேலும் கீழும் போவதோடு பிளேடு லேசாக முன்னும் பின்னும் ஆடுவது. வழக்கமாக 0, 1, 2, 3 என்று நாலு நிலை இருக்கும். வேகம் வேண்டுமானால் 2, 3. வளைவுக்கும் சுத்தமான விளிம்புக்கும் 0. உலோகத்துக்கும் 0. பெண்டுலமே இல்லாத மெஷின் என்றால் வேண்டாம்.

வேகக் கட்டுப்பாடு. விசையை அழுத்த அழுத்த வேகம் கூடுவது ஒரு வகை, தனியாக டயல் இருப்பது இன்னொரு வகை. இரண்டும் இருந்தால் நல்லது. கடினமான இடம் வந்தாலும் வேகம் விழாமல் பார்த்துக்கொள்ளும் மின்னணுக் கட்டுப்பாடு மேல்நிலை மெஷின்களில் இருக்கும். தேக்கில் கணு வரும் இடத்தில் அதன் அருமை புரியும்.

கைப்பிடி. மேலே வளைந்த கைப்பிடி உள்ளது ஒரு வகை. உடலையே பிடித்து ஓட்டும் பேரல் வகை இன்னொன்று. பேரல் வகையில் கை மரத்துக்கு அருகில் இருப்பதால் வளைவு வெட்ட வசதி, பலகைக்கு அடியில் இருந்து தலைகீழாகவும் வெட்டலாம். ஆனால் சின்னக் கை உள்ளவர்களுக்குப் பிடி பெரிதாக இருக்கும். இதைப் படத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கையில் எடுத்துப் பாருங்கள்.

மாடல் பெயரைப் படிக்கத் தெரிந்துகொண்டால் விற்பனையாளர் உங்களைக் குழப்ப முடியாது. போஷ் ஜிஎஸ்டி 650 என்றால் மரத்தில் 65 மி.மீ. ஆழம், ஜிஎஸ்டி 90 என்றால் 90, ஜிஎஸ்டி 150 என்றால் 150. (இந்த ஜிஎஸ்டி வரி அல்ல, மாடல் பெயர். வரி அப்புறம் வருகிறது.) 150 பிசிஇ வளைந்த கைப்பிடி, 150 சிஇ பேரல் கைப்பிடி. இந்த ஆழமெல்லாம் நீளமான பிளேடு போட்டால் வெட்ட முடியும் என்பதைத்தான் சொல்கின்றன, செங்குத்தாக வெட்டும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. என் கணக்கில் 50 மி.மீ.க்கு மேல் போனால் எந்த ஜிக்சாவையும் நம்பி இறுதி அளவுக்கு வெட்டக் கூடாது. இரண்டு மி.மீ. வெளியே வெட்டிவிட்டு இழைப்புளியிலோ சாண்டரிலோ கோட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

4. வயரா, பேட்டரியா?

ஒரே இடத்தில் வேலை என்றால் வயர். விலை குறைவு, எடை குறைவு, பத்து வருஷம் கழித்தும் ஓடும். 780 வாட் மெஷின்கூட 230 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியருக்குள்தான் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட் போதும். மெலிந்த வயரில் நீளமாக எக்ஸ்டென்ஷன் இழுத்து அதன் கடைசியில் ஓட்டாதீர்கள், அவ்வளவுதான்.

சைட்டுக்குச் சைட் போகிறவர்களுக்கு பேட்டரி வசதி. ஏற்கெனவே ஒரு கம்பெனியின் 18 வோல்ட் டிரில் வைத்திருந்தால் அதே கம்பெனியில் பேட்டரி இல்லாத வெறும் மெஷினை மட்டும் வாங்கலாம், செலவு பாதியாகக் குறையும். பொதுவாக ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றில் ஏறாது. ஒரே கம்பெனிக்குள்ளும் கவனம் வேண்டும். போஷில் நீல நிற மெஷினின் 18 வோல்ட் பேட்டரி பச்சை நிற மெஷினில் பொருந்தாது. பேட்டரி, சார்ஜர் எல்லாம் புதிதாகச் சேர்த்து வாங்க வேண்டும் என்றால், வெறும் ஜிக்சாவுக்காக அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

5. பட்ஜெட்: மெஷின் விலை மட்டும் கணக்கல்ல

நான் விசாரித்த அளவில் விலைகள் கிட்டத்தட்ட இப்படி இருந்தன. பெயர் தெரியாத மெஷின்கள் 1,500 முதல் 2,500 ரூபாய். தெரிந்த கம்பெனிகளின் ஆரம்ப மாடல்கள் 4,000 முதல் 6,000. நடுத்தரம் 10,000 வரை. 26 மி.மீ. ஸ்ட்ரோக், வார்ப்பு பேஸ் பிளேட், கெட்டியான ரோலர் எல்லாம் சேர்ந்தது 12,000-க்கு மேல். நாளுக்கு நாள் மாறுகிற விலை இது. நீங்கள் வாங்கும் நாளில் இரண்டு கடையிலாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே 2,000 ரூபாய் மெஷின் வைத்திருப்பவர் 4,000 ரூபாய் மெஷினுக்குத் தாவுவதில் அவ்வளவு லாபம் இல்லை. ஆயுள் கூடும், சர்வீஸ் கிடைக்கும், வெட்டு அப்படி ஒன்றும் மாறிவிடாது. வெட்டு மாற வேண்டும் என்றால் ஒரேயடியாக மேல் வரிசைக்குப் போங்கள். அதற்குப் பணம் சேரும்வரை பழையதில் நல்ல பிளேடு போட்டு ஓட்டுங்கள். நடுவில் ஒன்று வாங்கினால் இரண்டு தடவை செலவு.

மெஷின் விலைக்கு மேலே ஒரு 2,500, 3,000 ரூபாய் ஒதுக்கி வையுங்கள். நாலைந்து வகை பிளேடு, இரண்டு கிளாம்ப், நல்ல மாஸ்க், ஒரு கண்ணாடி. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வெட்டுகிறவர்கள் மாஸ்க் இல்லாமல் வெட்டவே கூடாது. அதன் தூள் மாவு மாதிரி நைசாக இருக்கும், நேராக நெஞ்சுக்குள் போகும். கர்ச்சீப் கட்டுவதெல்லாம் மனத்திருப்திக்குத்தான்.

6. கடையில் பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய சோதனை

சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் போனால் ஒரே நடையில் பல கடைகளில் விலை கேட்கலாம். மற்ற ஊர்களில், வீட்டு உபயோகப் பொருள் விற்கும் ஷோரூமை விட, பட்டறைக்காரர்கள் வாங்கும் டூல்ஸ் கடைக்குப் போங்கள். அங்கே மெஷினைப் பிரித்துக் காட்டத் தயங்க மாட்டார்கள். காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போவது நல்லது. மாலை நெரிசலில் யாரும் உங்களுக்காகப் பத்து நிமிஷம் ஒதுக்க மாட்டார்கள்.

கையோடு மூன்று பொருள் கொண்டு போங்கள்: ஒரு ஸ்டீல் ஸ்கேல், சின்ன மூலைமட்டம், 40 மி.மீ. ரீப்பர் துண்டு ஒன்று.

முதலில் மெஷினைத் திருப்பிப் பிடித்து ஸ்கேலின் விளிம்பைப் பேஸ் பிளேட்டில் குறுக்காக வையுங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் தட்டு வளைந்திருக்கிறது, புது மெஷினாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்து, பிளக்கில் சொருகாமல் ஒரு பிளேடை மாட்டச் சொல்லுங்கள். நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டுங்கள். எல்லா ஜிக்சாவிலும் துளி அசைவு இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அசைவு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். பிளேடு மட்டும் வளைந்து கொடுத்தால் பரவாயில்லை. பிளேடோடு சேர்ந்து மேலே இருக்கும் தண்டும் கடகடவென்று ஆடினால் அந்த மெஷின் பழையதைவிட மேல் இல்லை. பக்கத்திலேயே விலை குறைந்த மாடல் ஒன்றைக் கையில் எடுத்து அதையும் இப்படி ஆட்டிப் பாருங்கள், பணம் எதற்குக் கூடுகிறது என்று விரல் நுனியிலேயே தெரிந்துவிடும்.

பிறகு முன்பக்கமாகக் கண்ணைத் தாழ்த்தி, பிளேடின் முதுகு ரோலர் பள்ளத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். ரோலர் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும்.

கடைசியாக வெட்டிப் பார்க்கக் கேளுங்கள். சில கடையில் பெட்டி பிரித்ததை ஓட்ட விட மாட்டார்கள், ஆனால் டெமோ மெஷின் ஒன்று வைத்திருப்பார்கள். அதில் வெட்டுங்கள். ரீப்பர் துண்டும் மூலைமட்டமும் அதற்குத்தான். எதையுமே தொட விடாத கடை என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

ஆன்லைனில் விலை குறைவாக இருக்கலாம். அங்கே வாங்கினால் இந்தச் சோதனைகளை எல்லாம் பார்சல் வந்த அன்றே வீட்டில் செய்யுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு சில நாள்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியைப் பரணில் போட்டால் கெடு போய்விடும். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள்.

பிளேடு விஷயத்தில் மட்டும் ஆன்லைனில் கூடுதல் உஷார் தேவை. போலிகள் நிறைய. சந்தை விலையில் பாதிக்குக் கிடைத்தால், பிளேடில் உள்ள எழுத்து நகத்தால் சுரண்டினால் போகும்படி இருந்தால், அசல் இல்லை.

7. பில், சீரியல் நம்பர், வாரன்டி

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். மெஷின் மக்கர் செய்த பிறகு பில்லைத் தேடுவார்கள்.

கடைக்காரர் விலை சொன்னதும் கேட்க வேண்டிய கேள்வி: 'வரியோட சேர்த்தா, வரி தனியா?' கையில் பிடித்து ஓட்டும் மின் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 12,000 என்று சொல்லிவிட்டு வரி தனி என்றால் கையிலிருந்து போவது 14,160. இரண்டு கடை விலையை ஒப்பிடும்போது இதைக் கவனிக்காவிட்டால் மலிவுக் கடை எது என்றே தெரியாது.

'பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்' என்பார்கள். எஸ்டிமேட் என்று எழுதிய வெள்ளைத்தாள் ஒன்று கையில் வரும். அதை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனால் மதிக்க மாட்டார்கள். 12,000 ரூபாய்ப் பொருளுக்கு இந்தச் சேமிப்பு தேவையில்லாத ஆபத்து.

பில்லில் மாடல் பெயர் முழுமையாக இருக்க வேண்டும். சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். மெஷின் உடலில் ஒட்டியிருக்கும் எண், பெட்டியில் இருக்கும் எண், பில்லில் எழுதிய எண் மூன்றும் ஒன்றா என்று கடையிலேயே சரிபாருங்கள். என்னுடைய பழைய டிரில் ஒன்றை, பில்லில் சீரியல் நம்பர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்பினார்கள். கடைக்காரரிடம் போய்க் கேட்டால், யாருமே எழுதிக் கேட்பதில்லை என்றார்.

வாரன்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும். சில கம்பெனிகளில் வாங்கிய சில நாட்களுக்குள் இணையத்தில் பதிவு செய்தால் வாரன்டி காலம் நீளும், பதிவு செய்யாவிட்டால் குறைந்த காலம்தான். கெடு கார்டிலேயே இருக்கும். கடையில் நிற்கும்போதே போனில் பதிந்துவிடுங்கள், ஐந்து நிமிஷ வேலை. கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் இருக்கும் சிறு கார்பன் துண்டு), பிளேடு போன்ற தேயும் பொருட்கள் வாரன்டியில் வராது. மெஷினை வெளியே கொடுத்துப் பிரித்திருந்தாலும் வாரன்டி போச்சு.

பில் சூட்டில் அச்சாகும் தெர்மல் தாளில் வந்திருந்தால் சில மாதத்தில் எழுத்து மறைந்துவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளுங்கள்.

தொழில் செய்கிறவர்கள், ஜிஎஸ்டி பதிவு இருந்தால், உங்கள் எண்ணைப் பில்லில் போடச் சொல்லுங்கள். கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் (சிறு வணிகர்களுக்கான எளிய வரி) திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

பணம் கட்டும் முன் இன்னும் ஒன்று. அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டு, இந்த மாடலுக்கு ரோலரும் பேஸ் பிளேட்டும் ஸ்டாக் இருக்கிறதா, என்ன விலை என்று கேளுங்கள். தடுமாறாமல் பதில் வந்தால் நல்ல அறிகுறி. 'வரவழைக்கணும், எத்தனை நாள் ஆகும்னு தெரியாது' என்றால் வேறு மாடல் பாருங்கள்.

8. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு

அமெரிக்காவிலிருந்து அண்ணன் வருகிறார், மலிவாக வாங்கி வரச் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். வயர் உள்ளது என்றால் வேண்டாம். அங்கே 120 வோல்ட். இங்கே 230-இல் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். வோல்ட்டேஜ் மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி ஓட்டினால் மிச்சம் பிடித்த பணம் அதில் போகும். வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா என்றால் வோல்ட்டேஜ் பிரச்சினை இல்லை, பிளக் டாப் மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் இங்கே வாரன்டி செல்லுமா என்பதை வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் செல்லாது.

பேட்டரி மெஷின் என்றால் விமான விதியைக் கவனியுங்கள். மெஷினை செக்-இன் பெட்டியில் போடலாம், தனி பேட்டரியைக் கைப்பையில்தான் எடுத்து வர வேண்டும். 100 வாட்-அவர் வரை பொதுவாகத் தடையில்லை. 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரி 90 வாட்-அவர் என்பதால் தப்பித்துவிடும். 6 ஆம்பியர்-அவர் என்றால் 108 ஆகிவிடும், விமான நிறுவனத்திடம் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும்.

9. வாங்கி வந்த முதல் வாரம்

கம்பெனியிலிருந்து வரும்போதே கோணம் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். நீளமான பிளேடை மாட்டி, பேஸ் பிளேட்டில் மூலைமட்டத்தை நிறுத்திப் பாருங்கள். விலகல் இருந்தால் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திச் சரிசெய்து முடுக்குங்கள். மூலைமட்டம் பிளேடின் உடலில் பட வேண்டும், பல்லில் பட்டால் அளவு தப்பும். ரோலர் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், அவ்வப்போது இது தேவை.

பிளேடு எப்போது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளைவுட், நேர் வெட்டு, சுத்தமான விளிம்பு வேண்டும் என்றால் டி 101 பி. நெருக்கமான வளைவுகளுக்கு ஒல்லியான டி 101 ஏஓ, 15 மி.மீ. தடிமனுக்குள். தடித்த மரத்தில் வேகமாக வெட்ட டி 144 டி. தடித்த மரத்திலேயே செங்குத்தும் முக்கியம் என்றால் டி 144 டிபி. இதன் உடல் தடிமன் அதிகம், அவ்வளவு எளிதில் வளையாது. ஆனால் அதே காரணத்தால் வளைவு வெட்ட ஆகாது. மெல்லிய இரும்புத் தகட்டுக்கு டி 118 ஏ.

மைக்கா ஒட்டிய பலகையில்தான் புதியவர்கள் அதிகம் திணறுவார்கள். ஜிக்சா பிளேடின் பற்கள் மேல்நோக்கி இருக்கும், மேலே வரும்போது வெட்டும். அதனால் மேல்பக்கம்தான் சிலும்பும், மைக்கா சில்லு சில்லாகப் பெயரும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, பலகையைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தில் கோடு போட்டு வெட்டுவது. வலம் இடம் மாறும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். சிங்க் கட்-அவுட் போல மேலிருந்துதான் வெட்ட முடியும் என்றால் டி 101 பிஆர். இதில் பல் கீழ்நோக்கி இருக்கும், மேல்பக்கம் வழவழப்பாக வரும். ஆனால் பிளேடு மெஷினை மேலே தூக்கி எறியப் பார்க்கும். இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்து, பெண்டுலம் பூஜ்யத்தில் வைத்து, நிதானமாகப் போக வேண்டும். கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கோடு வரைந்தால் கோடும் தெளிவாகத் தெரியும், மெஷினின் அடித்தட்டு மைக்காவில் கீறல் போடாமலும் இருக்கும். மெஷினோடு வரும் பிளாஸ்டிக் தட்டையும் சிலும்பல் தடுப்புத் துண்டையும் பலர் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். இப்போது எடுத்து மாட்டுங்கள், இந்த வேலைக்காகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

வாரன்டி காலம் ஆரம்பித்துவிட்டது என்பதால் முதல் வாரத்திலேயே மெஷினை நன்றாக வேலை வாங்குங்கள். சின்ன பொம்மைக்கு மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்து வைக்க வேண்டாம். கோளாறு இருந்தால் இப்போதே வெளியே வரட்டும்.

10. பழைய மெஷினை என்ன செய்வது?

விற்றால் வாங்கிய விலையில் பாதிகூடத் தேறாது. பெயர் தெரியாத மெஷின் என்றால் யாரும் சீந்த மாட்டார்கள். அதைவிட அழுக்கு வேலைக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆணி இருக்கலாம் என்று சந்தேகப்படும் பழைய ஜன்னல் கட்டை, சிமென்ட் ஒட்டிய சென்ட்ரிங் பலகை, ஃபைபர் சிமென்ட் ஷீட் இதற்கெல்லாம் புது மெஷினைத் தொட வேண்டாம். சிமென்ட் தூள் ரோலருக்கும் தண்டுக்கும் நடுவில் புகுந்தால் எந்த விலை மெஷினும் கொஞ்ச நாளில் ஆட ஆரம்பித்துவிடும்.

வேறு யாருக்காவது கொடுப்பதானால் கார்பன் பிரஷ் மாற்றிக் கொடுங்கள், பெரிய செலவு இல்லை. பழையது யூ-ஷேங்க் என்றால் மிச்சமிருக்கும் பிளேடுகளையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள், உங்கள் புது மெஷினில் அவை ஏறாது.